டொராண்டோவுக்குப் போக நிலத்தை விற்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. மூன்று வாரத்துக்கு முன்னால் மூளையின் வலது பக்கத்தில் இருந்த கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பயாப்ஸியில் கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோய், நான்காம் கிரேடு என்று வந்திருக்கிறது. அடுத்த வாரம் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க ஆரம்பிக்கலாம் என்கிறார் டாக்டர். இதற்குள் கனடாவில் இருக்கும் என் கொழுந்தனார் ஒரு வீடியோ அனுப்பினார். டொராண்டோவில் தலையைத் திறக்காமலே அல்ட்ராசவுண்ட் வைத்து, மூளைக்கு மருந்து போகவிடாமல் தடுக்கும் ஒரு தடையைத் திறந்துவிடுகிறார்களாம். கரண்ட் வைத்துவிட்டால் அங்கே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், அதுவரை நிறுத்தி வையுங்கள் என்று ஒரு உறவினர் சொல்கிறார். அந்த மெஷின் கோவையிலேயே இருக்கிறது என்கிறார் இன்னொருவர். மாமனார் ஒன்றரை ஏக்கர் நிலத்தை விற்கத் தயாராகிவிட்டார். இவரோ தலைவீக்கத்துக்குக் கொடுத்த மாத்திரையை ஆரம்பித்ததிலிருந்து ராத்திரி தூங்குவதே இல்லை. நான் என்ன செய்யட்டும்?
துறையூர் பக்கத்திலிருந்து ஒரு ஆசிரியை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதெல்லாம் அப்புறம். கரண்ட் வைப்பதைத் தள்ளிப் போடாதீர்கள். அடுத்த வாரம் என்று உங்கள் டாக்டர் குறித்துக் கொடுத்த தேதியில் போய் நில்லுங்கள். அந்த உறவினர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் அவர் சொன்னது அப்படியே தலைகீழ். நீங்கள் வீடியோவில் பார்த்த சிகிச்சையை இந்த நோய்க்குப் பரிசோதித்த முக்கியமான ஆய்வுகளில் சேர வேண்டுமென்றால் கரண்டும் அதோடு சேர்ந்த கீமோ மாத்திரையும் ஏற்கெனவே முடிந்திருக்க வேண்டும். அதை ஏன் என்று கீழே விளக்குகிறேன். இப்போதைக்கு இந்த ஒன்றை மட்டும் மாமனாரிடமும் கொழுந்தனாரிடமும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு சுமார் மூன்று வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள் கரண்ட் ஆரம்பித்துவிட வேண்டும் என்பதுதான் எங்கள் கணக்கு, உங்களுக்கு மூன்று வாரம் ஏற்கெனவே ஓடிவிட்டது.

நான் மூளைக் கட்டிகளுக்குக் கதிர்வீச்சு கொடுக்கும் டாக்டர். இந்த அல்ட்ராசவுண்ட் விஷயத்தை வெகுநாளாகவே ஆசையோடு கவனித்து வருகிறேன். அதனால் இதைப் பொய் என்றோ ஏமாற்று என்றோ ஒதுக்கப் போவதில்லை. உங்கள் கொழுந்தனார் அனுப்பியது உண்மையான செய்திதான். ஆனால் அது எந்த அளவுக்கு உண்மை, உங்கள் கணவருக்கு இன்றைக்கு அது எவ்வளவு உதவும் என்பது வேறு கேள்வி, ஒன்றரை ஏக்கர் நிலம் அந்த இரண்டாவது கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

முதலில் அந்தத் தடை என்ன என்று பார்ப்போம். உடம்பில் மற்ற இடங்களில் இருக்கும் மெல்லிய ரத்தக் குழாய்கள் கொஞ்சம் கசியும். தோலிலோ ஈரலிலோ ரத்தத்தில் போகும் மருந்து சுலபமாக வெளியே வந்து சதைக்குள் கலந்துவிடும். மூளையில் அப்படி இல்லை. அங்கே ரத்தக் குழாயின் உள்சுவரில் இருக்கும் செல்கள் ஒன்றோடொன்று நெருக்கித் தைத்தது போல் ஒட்டிக்கொண்டிருக்கும், இடையில் சந்தே கிடையாது. போதாததற்கு, தப்பித்தவறி உள்ளே நுழையும் மருந்தைத் திரும்ப ரத்தத்துக்கே இறைத்துத் தள்ளும் பம்புகளும் அந்தச் செல்களில் இருக்கின்றன. இதைத்தான் ரத்த-மூளைத் தடை என்கிறோம். ஜெர்மனியில் பால் எர்லிக் 1880களில் மிருகங்களின் ரத்தத்தில் சாயம் ஏற்றிப் பார்த்தபோது எல்லா உறுப்பும் சாயம் பிடித்தது, மூளை மட்டும் வெளுப்பாகவே இருந்தது. பிறகு 1913-ல் அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் அதே மாதிரிச் சாயத்தை மூளையைச் சுற்றியுள்ள நீரில் ஏற்றினார், இந்த முறை மூளை மட்டும் நிறம் மாறியது, உடம்பு மாறவில்லை. நடுவில் ஒரு சுவர் இருக்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. நம்மைக் காப்பாற்றுவதற்காக இருக்கும் சுவர் இது. சாப்பாட்டில் வரும் நஞ்சு, ரத்தத்தில் வரும் கிருமி எல்லாவற்றையும் மூளைக்கு வெளியே நிறுத்துவது இதுதான். புற்றுநோய் வந்த பிறகு மருந்தையும் அது அதே மாதிரி வெளியே நிறுத்துவதுதான் நமக்குத் தொல்லை.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும். உங்கள் கணவரின் பழைய எம்.ஆர்.ஐ. பிலிம் வீட்டில் இருக்கும், எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கட்டி இருந்த இடம் பளிச்சென்று வெள்ளை வளையமாகத் தெரியும். ஏன் வெள்ளை? ஸ்கேனுக்கு முன்னால் கையில் ஊசி வழியாக ஏற்றிய கடோலினியம் என்ற மருந்து அந்த இடத்தில் ரத்தக் குழாயை விட்டு வெளியே கசிந்திருக்கிறது. அதாவது அந்த இடத்தில் தடை ஏற்கெனவே உடைந்து கிடக்கிறது. சர்ஜன் எடுத்தது அந்த வெள்ளைப் பகுதியைத்தான். ஆனால் கிளியோபிளாஸ்டோமா வெள்ளை வளையத்தோடு நிற்கும் நோய் இல்லை. அதன் செல்கள் அருகம்புல் வேர் மாதிரி சுற்றியுள்ள நல்ல மூளைக்குள் ஒவ்வொன்றாகப் பரவிப் போயிருக்கும், ஸ்கேனில் அந்த இடம் சாதாரணமாகவே தெரியும், ஏனென்றால் அங்கே தடை உடையாமல் உறுதியாக நிற்கிறது. நோய் திரும்பி வரும்போது பெரும்பாலும் ஆபரேஷன் செய்த ஓரத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்குள்தான் வருகிறது. ஆக, நாம் பிடிக்க வேண்டிய செல்கள் எல்லாம் மூடிய கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கின்றன. அல்ட்ராசவுண்ட் முயற்சியின் இலக்கு அந்த ஓரம்தான்.

சரி, அல்ட்ராசவுண்ட் எப்படிக் கதவைத் திறக்கிறது? ஒலி மட்டும் போதாது, கூடவே நுண்குமிழி வேண்டும். இதை நான் முதலில் பார்த்தது இதய எக்கோ அறையில். ஒரு சின்னக் குப்பியில் வெள்ளைப் பொடி, அதில் உப்பு நீரை ஏற்றி இருபது விநாடி குலுக்கினால் பால் மாதிரி ஆகிவிடும். அந்தப் பாலில் இருப்பது கோடிக்கணக்கான குமிழிகள், ஒவ்வொன்றும் சிவப்பணுவைவிடச் சின்னது, உள்ளே ஒரு வாயு, வெளியே கொழுப்பால் ஆன மெல்லிய தோல். இதயத்தின் படம் தெளிவாகத் தெரிவதற்காகப் பல வருஷமாகப் பயன்படுத்தும் மருந்துதான் இது. கை நரம்பில் ஏற்றினால் ரத்தத்தோடு உடம்பெல்லாம் சுற்றிவிட்டுச் சில நிமிஷத்தில் வாயு மூச்சு வழியாக வெளியே போய்விடும். இந்தக் குமிழிகள் மூளையின் ரத்தக் குழாயில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு குறிப்பிட்ட புள்ளியில் ஒலி அலையைக் குவித்தால், அந்தப் புள்ளியில் இருக்கும் குமிழிகள் மட்டும் அலைக்கு ஏற்றபடி விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கித் துடிக்கும். அந்தத் துடிப்பில் குழாய்ச் சுவரின் செல்கள் இழுபட்டு நடுவில் இருக்கும் தையல் கொஞ்சம் தளர்ந்துவிடும். மருந்து போக அது போதும். அலையின் பலத்தைக் கூட்டினால் குமிழி வெடித்து ரத்தக் குழாயைக் கிழித்துவிடும், ஆகவே குமிழி துடிக்க வேண்டும், வெடிக்கக் கூடாது. அதற்காக மெஷின் அந்தக் குமிழிகள் திருப்பி அனுப்பும் ஒலியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

குல்லர்வோ ஹினினன் என்ற பின்லாந்துக்காரரும் கூட்டாளிகளும் பாஸ்டனில் முயல்களில் இதைச் செய்து காட்டி 2001-ல் வெளியிட்டார்கள். முயலுக்கு மண்டையோட்டில் ஒரு ஜன்னல் வெட்டிச் செய்தார்கள், மனிதனுக்கு அப்படி முடியுமா என்ற கேள்வி பல வருஷம் இழுத்தது. எலும்பு ஒலியை விழுங்கும், சிதறடிக்கும், சூடாகும். இதற்கு இரண்டு வழி கண்டுபிடித்தார்கள். ஒன்று பாரிஸ் வழி. 2014-ல் அலெக்ஸாந்தர் கார்பான்தியே என்ற நரம்பியல் சர்ஜன், ஆபரேஷனின்போதே மண்டையோட்டில் ஒரு சின்னக் கருவியைப் பதித்துவைத்துத் தோலை மூடிவிடும் முறையில் மனிதர்களிடம் இதை முதலில் தொடங்கினார். ஒவ்வொரு முறை கீமோ கொடுக்க வரும்போதும் தோல் வழியாக ஒரு ஊசியைக் குத்திக் கருவியோடு இணைப்பார்கள், நோயாளி விழித்தபடியே உட்கார்ந்திருப்பார், சில நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். சோனோகிளவுட் என்று அதற்குப் பெயர். இன்னொன்றுதான் உங்கள் கொழுந்தனார் பார்த்த டொராண்டோ வழி. ஹினினன் பாஸ்டனிலிருந்து அங்கேதான் போனார். 2015 நவம்பரில் சன்னிபுரூக் மருத்துவமனையில் டாட் மெயின்பிரைஸ் என்ற சர்ஜனின் குழு, மண்டையோட்டைத் தொடாமல் வெளியிலிருந்தே ஒலியைக் குவித்து மூளைப் புற்றுநோய் உள்ள ஒருவருக்குத் தடையைத் திறந்தது, உலகத்தில் அதுதான் முதல் முறை. ஹெல்மெட் மாதிரி ஒரு கிண்ணம், அதில் 1,024 ஒலி மூலங்கள். ஒவ்வொன்றும் அதன் முன்னால் இருக்கும் எலும்பின் தடிமனுக்கு ஏற்ப முன்பின்னாக ஒலியை அனுப்பும், எல்லாம் ஒரே புள்ளியில் வந்து சேரும்.

வீடியோவில் தலையைத் திறக்காமல் என்று சொன்னதும் சும்மா படுத்து எழுந்து வருவது போலத் தோன்றியிருக்கும். அப்படி இல்லை. தலையை மொட்டை அடிப்பார்கள். நெற்றியிலும் பின்னந்தலையிலும் மரத்துப் போகும் ஊசி போட்டு ஒரு உலோகச் சட்டத்தைத் திருகு வைத்து இறுக்குவார்கள். ஹெல்மெட்டுக்கும் தலைக்கும் நடுவில் குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டிருக்கும். எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் மணிக்கணக்கில் அசையாமல் கிடக்க வேண்டும். இதை ஒரு தரம் செய்தால் போதாது, திறந்த கதவு சில மணி நேரத்தில் மூட ஆரம்பித்து ஒரு நாளுக்குள் முழுக்க மூடிவிடும், அப்படி மூடிக்கொள்வதுதான் பாதுகாப்பும்கூட. ஆகவே கீமோவின் ஒவ்வொரு சுற்றுக்கும் மறுபடி மறுபடி செய்ய வேண்டும்.

இதில் ஒரு விஷயத்தை உங்கள் வீட்டில் எல்லோரும் தவறாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கடிதத்திலேயே தெரிகிறது. இந்த ஒலி கட்டியை அழிப்பதில்லை. கதவைத் திறந்து விடுகிறது, அவ்வளவுதான். உள்ளே போய் வேலை செய்ய வேண்டியது மருந்து. அந்த மருந்துக்கு இந்த நோய் மசியாது என்றால் கதவு எவ்வளவு அகலமாகத் திறந்தாலும் பிரயோஜனம் இல்லை. கோவை மெஷின் குழப்பமும் இங்கேதான் வருகிறது. கோவையில் இருப்பது அதே ரக ஹெல்மெட்தான், அது கைநடுக்க நோய்க்காக வாங்கியது. நடுக்கத்துக்கு மூளையின் ஆழத்தில் தலாமஸ் என்ற இடத்தில் சில மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு புள்ளியை 55, 60 டிகிரிக்குச் சூடாக்கிச் சுட்டுவிடுவார்கள். அதற்கு அமெரிக்காவில் 2016-லேயே அனுமதி கிடைத்து, இப்போது வழக்கமான சிகிச்சையாகிவிட்டது. தடையைத் திறப்பதற்குச் சூடே கூடாது, பலம் மிகக் குறைவு, ஒலியின் அதிர்வெண் வேறு, குமிழி ஊசி வேண்டும், மெஷினுக்கான மென்பொருளும் அனுமதியும் வேறு. கோவையில் போய்க் கேட்டால் நல்ல டாக்டர் யாரும் கிளியோபிளாஸ்டோமாவை இதில் சுட்டுத் தருகிறேன் என்று சொல்ல மாட்டார். வேர் விட்டுப் பரவிய நோயைப் புள்ளி வைத்துச் சுட முடியாது.

அப்படியானால் இதுவரை என்ன பலன் கண்டிருக்கிறார்கள் என்று கேட்பீர்கள், கேட்க வேண்டும். மருந்து உள்ளே போகிறதா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, போகிறது. சிகாகோவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஆடம் சொனபெண்டின் குழு, நோய் திரும்பி வந்த 17 பேரிடம் சோனோகிளவுட் கருவியைப் பதித்து ஆய்வு செய்து 2023-ல் வெளியிட்டது. ஆபரேஷன் மேஜையிலேயே ஒலியைக் கொடுத்து, மருந்தை ஏற்றி, கட்டியைச் சுற்றி எப்படியும் எடுக்க வேண்டியிருந்த மூளைத் துணுக்குகளில் மருந்தை அளந்தார்கள். ஒலி படாத இடத்தோடு ஒப்பிட்டால் ஒலி பட்ட இடத்தில் பாக்ளிடாக்சல் என்ற கீமோ மருந்து 3.7 மடங்கு, கார்போபிளாட்டின் என்ற இன்னொன்று 5.9 மடங்கு இருந்தது. மஞ்சளாக ஒளிரும் ஒரு சாயத்தையும் ஏற்றினார்கள், சாதாரணமாக மூளை அந்த நிறத்தை வாங்காது. எர்லிக் பார்த்த அதே வெளுத்த மூளைதான். ஒலி பட்ட இடத்தில் மட்டும் மஞ்சள் பிடித்தது. இதைப் படித்த அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பாக்ளிடாக்சல் மார்பகப் புற்றுநோயில் வழக்கமாகக் கொடுபடும் வலுவான மருந்து, மூளைக்குள் நுழைய முடியாத ஒரே காரணத்தால் எங்கள் நோயாளிகளுக்குப் பயன்படாமல் கிடந்தது.

மார்பகப் புற்றுநோய் மூளைக்குப் பரவிய பெண்கள் நான்கு பேருக்கு டொராண்டோவிலும் செய்து பார்த்தார்கள், டிராஸ்டுசுமாப் என்ற மருந்து கட்டிக்குள் சுமார் இரண்டு மடங்காகச் சேர்ந்ததை ஸ்கேனில் படமாகவே காட்டி 2021-ல் எழுதினார்கள். இன்னொரு பக்கம், கதவு திறந்தால் உள்ளிருந்து வெளியேயும் வரும் அல்லவா, கட்டியின் மரபணுத் துணுக்குகள் ரத்தத்தில் கூடுதலாக வருவதைப் பார்த்து, தலையைத் திறக்காமல் ரத்தத்திலேயே பயாப்ஸி செய்யலாமா என்றும் முயல்கிறார்கள்.

ஆனால் மருந்து உள்ளே போனது என்பதும் ஆள் கூடுதலாக வாழ்ந்தார் என்பதும் ஒன்றல்ல. இந்த இரண்டாவது கேள்விக்கு இதுவரை வந்ததில் நம்பிக்கை தருவது 2025-ல் வெளியான ஒரு ஆய்வு. மேரிலாண்டின் கிரீம் வுட்வொர்த் தலைமையில் அமெரிக்கா, கனடா மருத்துவமனைகள் சேர்ந்து செய்தது. உங்கள் கணவரைப் போலப் புதிதாக நோய் கண்ட 34 பேர். ஆபரேஷன் முடிந்து, ஆறு வாரக் கரண்டும் மாத்திரையும் முடிந்து, பிறகு மாதாமாதம் டெமோசோலோமைடு என்ற கீமோ மாத்திரை சாப்பிடும் கட்டத்தில், ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஹெல்மெட் வைத்துத் தடையைத் திறந்தார்கள். இப்போது புரிகிறதா, கரண்டை நிறுத்தாதீர்கள் என்று நான் ஏன் முதல் வரியிலேயே சொன்னேன் என்று? கரண்ட் முடிக்காதவருக்கு இதில் இடமே இல்லை. இவர்களில் பாதிப் பேர் 31 மாதத்துக்கு மேல் இருந்தார்கள், இதே மாதிரி வயதும் நோயும் உள்ள, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் பழைய பதிவுகளில் அது 19 மாதம். பெரிய வித்தியாசம்தான். ஆனாலும் நான் இன்னும் துள்ளிக் குதிக்கவில்லை, ஏன் என்றால் யாருக்கு இது, யாருக்கு வழக்கமான சிகிச்சை என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த ஆய்வு இல்லை இது. இப்படி ஹெல்மெட்டுக்குள் மாதாமாதம் படுக்க முன்வருகிறவர்கள், கரண்ட் முடிந்தும் திடமாக நடமாடுகிறவர்கள், பெரிய மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள், இவர்கள் எப்படியும் கொஞ்சம் கூடுதலாகவே வாழ்வார்கள். எத்தனை கவனமாகப் பழைய பதிவுகளோடு பொருத்தினாலும் அந்த வேறுபாடு முழுக்கப் போகாது. சீட்டுக் குலுக்கிப் பிரிக்கும் பெரிய ஆய்வு ஒன்று சோனோகிளவுட் கருவியோடு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தொடங்கியிருக்கிறது, அதுவும் வழக்கமான சிகிச்சைக்குப் பிறகு நோய் முதல் தடவை திரும்பி வந்தவர்களுக்கு.

பக்கவிளைவு இல்லாததும் அல்ல. தலைவலி நிறையப் பேருக்கு வந்தது. சிலருக்குக் கொஞ்ச நேரம் பேச்சுக் குழறல், குழப்பம், கை மரத்துப் போவது, பிறகு சரியாகிவிட்டது. சிகாகோவில் மருந்தின் அளவு கூடக் கூட வெள்ளையணு குறைவது, மூளை மந்தமாவது போன்ற கடுமையான தொந்தரவுகளும் வந்தன. பொதுவாகப் பார்த்தால் பாதுகாப்பாகச் செய்ய முடிகிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

இனி நிலத்துக்கு வருவோம், அம்மா. விற்க வேண்டாம். இது இன்றைக்குக் காசு கொடுத்து வாங்கக்கூடிய சிகிச்சை இல்லை. டொராண்டோவில் நடப்பது ஆராய்ச்சி, கட்டியின் அளவு, இடம், மண்டையோட்டின் அடர்த்தி, முந்தைய சிகிச்சை எல்லாம் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். மாதாமாதம் போய்வர வேண்டும், நடுவில் வலிப்பு வந்தாலோ காய்ச்சல் வந்தாலோ அந்த ஊர் ஆஸ்பத்திரிச் செலவு வெளிநாட்டுக்காரரான உங்கள் தலையில்தான் விழும். உங்கள் கொழுந்தனாருக்கு ஒரு வேலை கொடுங்கள். அண்ணனுக்காக எதையாவது செய்ய வேண்டும் என்று அவருக்கும் துடிப்பு இருக்கும். வீடியோ அனுப்பாமல், அந்த மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவுக்கு எழுதி இரண்டே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். புதிதாகக் கிளியோபிளாஸ்டோமா கண்டு, கரண்டும் டெமோசோலோமைடும் முடித்தவரை எடுத்துக்கொள்ளும் ஆய்வு எதுவும் இப்போது திறந்திருக்கிறதா, கனடாவில் குடியிருக்காதவரைச் சேர்ப்பார்களா. பதில் எழுத்தில் வரட்டும். அந்தப் பதில் வருவதற்குள் இங்கே ஆறு வாரக் கரண்ட் ஓடிவிடும், ஒன்றும் நஷ்டமில்லை.

உள்ளூரிலோ வெளியூரிலோ யாராவது இந்தச் சிகிச்சையை நாங்களே தருகிறோம், இத்தனை லட்சம் ஆகும் என்று சொன்னால் பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்தியாவில் நடக்கும் ஆய்வு எதுவானாலும் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் எண் இருக்க வேண்டும், உங்கள் டாக்டர் இரண்டு நிமிஷத்தில் தேடிப் பார்த்துவிடுவார். நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்க வேண்டும், உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கி ஒப்புதல் வாங்க வேண்டும். பரிசோதனையில் இருக்கும் ஒன்றுக்கு நோயாளியிடம் லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள், எண்ணும் இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பணமும் சக்தியும் எங்கே போக வேண்டும் என்று கேட்டால் நான் இதைச் சொல்வேன். கரண்டு 30 நாள், திங்கள் முதல் வெள்ளி வரை, ஒரு நாளும் விடக் கூடாது. கூடவே தினமும் டெமோசோலோமைடு. 2005-ல் ரோஜர் ஸ்டூப் என்பவரின் குழு 573 பேரிடம் சீட்டுக் குலுக்கிச் செய்த ஆய்வில் வந்த முறை இது. கரண்ட் மட்டும் வைத்தவர்களில் இரண்டு வருஷம் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர், மாத்திரையும் சேர்த்தவர்களில் நூற்றுக்கு 26 பேர். இந்த எண்கள் உங்களுக்குப் பாரமாக இருக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன், நீங்கள் நேராகக் கேட்டீர்கள், நேராகச் சொல்வதுதான் மரியாதை. இந்த மாத்திரையின் இந்தியத் தயாரிப்புகள் நிறைய இருக்கின்றன, விலை முன்பைவிட வெகுவாக இறங்கிவிட்டது. கரண்டுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமா என்று மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்ட்டரில் முதல் நாளே கேளுங்கள், குடும்பத்துக்கு வருஷத்துக்கு ஐந்து லட்சம் வரை அதில் வழி இருக்கிறது. ஆசிரியை என்பதால் அரசு ஊழியர் காப்பீடு உங்களுக்கு இருந்தால் அதையும் கையோடு கொண்டு போங்கள்.

இன்னொன்று, இது முக்கியம். பயாப்ஸி ரிப்போர்ட்டை எடுத்து ஐ.டி.எச். என்றும் எம்.ஜி.எம்.டி. என்றும் எழுதியிருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் டாக்டரிடம் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். 44 வயது என்பது இந்த நோய்க்கு இளவயது. ஐ.டி.எச். மரபணுவில் மாற்றம் இருந்தால் 2021-ல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டின்படி அதைக் கிளியோபிளாஸ்டோமா என்றே அழைப்பதில்லை, அது வேறு நோய், போக்கும் இதைவிட மெதுவானது. சாதாரணமாகச் செய்யும் சாயச் சோதனையில் இல்லை என்று வந்தாலும் இந்த வயதில் மரபணு வரிசையை நேராகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் சாயச் சோதனை ஒரு வகை மாற்றத்தை மட்டுமே பிடிக்கும். எம்.ஜி.எம்.டி. சோதனை டெமோசோலோமைடு அவருக்கு எவ்வளவு வேலை செய்யும் என்பதைச் சொல்லும். அந்தச் செல்களில் எம்.ஜி.எம்.டி. மரபணு மூடிக் கிடந்தால் மருந்து செய்யும் சேதத்தை அவற்றால் சரி செய்துகொள்ள முடியாது, மாத்திரை நன்றாகப் பிடிக்கும். பிற்காலத்தில் எந்த ஆய்வில் சேரப் போனாலும் இந்த இரண்டு முடிவையும்தான் முதலில் கேட்பார்கள். ஆபரேஷனில் எடுத்த கட்டியைப் பதித்து வைத்த மெழுகுத் துண்டையும், சோதனைக்கு வெட்டி ஒட்டிய கண்ணாடித் தகடுகளையும் மருத்துவமனையில் பத்திரமாக வைத்திருக்கிறார்களா என்று கேட்டு வையுங்கள். ஒன்றரை ஏக்கரின் ஒரு மூலையைக்கூட விற்காமல் செய்யக்கூடிய வேலை இது.

அல்ட்ராசவுண்டை மறந்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு முறை பின்தொடர் ஸ்கேனுக்குப் போகும்போதும் டாக்டரிடம் புதிய ஆய்வு எதுவும் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார், தெரியவில்லை என்றால் தேடிச் சொல்வார். இந்தக் கதவு உண்மையாகவே திறக்கிறது, இன்னும் சில வருஷத்தில் என் நோயாளிகளுக்கு நானே இதை எழுதிக் கொடுக்கும் நாள் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கடைசியாக அந்தத் தூக்கம். தலைவீக்கத்துக்குக் கொடுத்தது டெக்ஸாமெத்தசோனாகத்தான் இருக்கும். அது ஸ்டீராய்டு, சாயங்காலம் போட்டால் ராத்திரி முழுக்கக் கண்ணைத் திறந்தே வைக்கும், கோபமும் பசியும் கூட அதிகமாகும். அவர் உங்கள் மேல் எரிந்து விழுந்தால் அதில் பாதி இந்த மாத்திரை. டாக்டருக்குப் போன் செய்து, இரண்டாவது வேளையை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றிக் கொடுக்கலாமா, கரண்ட் ஆரம்பித்த பிறகு எப்போது குறைக்கலாம் என்று கேளுங்கள். சர்க்கரையையும் ஒரு தரம் பார்க்கச் சொல்லுங்கள். தூங்கவில்லையே என்று நீங்களாக மட்டும் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், வீக்கம் திரும்பி வந்துவிடும். அடுத்த வாரம் கரண்டுக்கு முன்னால் முகத்துக்கு அளவெடுத்து ஒரு வலை முகமூடி செய்வார்கள். வெந்நீரில் போட்டு இளக்கிய பிளாஸ்டிக்கை முகத்தில் படிய வைப்பார்கள், கொஞ்சம் சூடாக, ஈரமாக இருக்கும், பத்து நிமிஷத்தில் இறுகிவிடும், மூச்சுக்கு எந்தத் தடையும் இல்லை. தூங்காமல் போகிறவருக்கு அதில் படபடப்பு வரும், அதனால் முந்தின நாளே அவரிடம் சொல்லி வையுங்கள், அறைக்கு வெளியே நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.